காற்றில் கூவும் கருவிகள்: கேட்பதும் குறிப்பெடுப்பதும்

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது உங்கள் வீட்டு அலமாரி மேல் உள்ளங்கையளவுக் கணினி ஒன்று உட்கார்ந்திருக்கும். சுற்றியுள்ள புளூடூத் கருவிகளின் அறிவிப்புகளை நாள் முழுக்கக் கேட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பெடுக்கும். பிரிட்ஜுக்குள் வைத்த வெப்பமானி உயிரோடு இருக்கிறதா, சாவிக்கொத்து வீட்டில்தான் இருக்கிறதா, எந்த டேக்கின் பேட்டரி தீர்ந்துபோனது என்ற கேள்விகளுக்கு அந்தக் குறிப்பேடு பதில் சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலும், பைத்தானில் பத்துவரி எழுதிய பழக்கமும் போதும்.

நான் முதன்முதலில் இதை ஓட்டியது இரவு பதினொரு மணிக்கு, அடுக்குமாடி வீட்டின் ஹாலில். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பத்தே விநாடியில் திரையில் 31 முகவரிகள் வந்து விழுந்தன. அவற்றில் என்னுடையவை நான்கு. மற்ற 27 யாருடையவை என்று தேடத்தான் கை துறுதுறுத்தது. உங்களுக்கும் துறுதுறுக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு பேசுவோம்.

இவ்வளவு தெரிந்தால் போதும்

கீரைக்காரம்மா தெருவில் கூவிக்கொண்டு போகிறார். அவர் வந்திருப்பது உங்களுக்குத் தெரிய நீங்கள் கதவைத் திறக்க வேண்டியதில்லை, ஜன்னலோரம் நின்றாலே கேட்கும். 2010இல் வந்த புளூடூத் 4.0 முதல், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறு கருவிகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ‘நான் இன்னார், இங்கே இருக்கிறேன்’ என்று சின்னச் சின்ன அறிவிப்புகளைக் காற்றில் விடுகின்றன. இந்த அத்தியாயத்தில் அவற்றைக் ‘கூவல்’ என்றே சொல்கிறேன்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு 40 அலைவரிசைகள் உண்டு. கூவுவதற்கென்று ஒதுக்கியவை மூன்று: 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ். பழைய வகைக் கூவலின் இடைவெளி 20 மில்லிவிநாடி முதல் 10.24 விநாடி வரை இருக்கலாம். அதனால் ஐந்து விநாடி கேட்டுவிட்டு ‘வெப்பமானி இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு நிமிடமாவது காது கொடுங்கள்.

இன்னொன்று. நாம் பயன்படுத்தப்போகும் மென்பொருள் சும்மா கேட்பதோடு நிற்காது. ‘என்ன கீரைம்மா?’ என்று ஒரு குரல் கொடுக்கும். பல கருவிகளின் பெயர் அதற்கு வரும் பதிலில்தான் இருக்கும்.

என்னென்ன வேண்டும்

ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ தாராளமாகப் போதும். 2016இல் வந்த பை 3 முதற்கொண்டு வழக்கமான பலகைகளில் புளூடூத் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினியும் சரிதான். ஆப்பிள் மேக்கில் பழகிப் பார்க்கலாம், ஆனால் அது கருவியின் உண்மையான முகவரியைக் காட்டாமல் தானே உருவாக்கிய ஓர் அடையாள எண்ணைத் தரும். மேக்கில் எடுத்த குறிப்பையும் பையில் எடுத்த குறிப்பையும் அதனால் ஒப்பிட முடியாது.

16 ஜிபி எஸ்டி கார்டு, பைக்கென்றே விற்கும் மின் அடாப்டர், உங்களுக்குச் சொந்தமான கூவும் கருவி ஒன்றிரண்டு. புளூடூத் வெப்பமானியும் சாவி டேக்கும் நல்ல தொடக்கம். கையில் கட்டும் ஃபிட்னஸ் பட்டையை வைத்து ஆரம்பிக்காதீர்கள். போனோடு இணைந்துவிட்டால் அவற்றில் பல கூவுவதை நிறுத்திவிடும். ‘கண் முன்னால் இருக்கிறது, பட்டியலில் இல்லையே’ என்று ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

எழுதும் முன்பே எதை எழுதக்கூடாது என்று முடிவுசெய்யுங்கள்

லண்டனில் சாலையோர மறுசுழற்சித் தொட்டிகள் சிலவற்றில், கடந்துபோகிறவர்களின் போன்கள் வைஃபையில் வெளியிடும் முகவரியைப் பதியும் கருவியை ஒரு விளம்பர நிறுவனம் பொருத்தியிருந்தது. விஷயம் வெளியே வந்ததும், 2013 ஆகஸ்டில் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. தெருவில் கத்தியதைத்தானே கேட்டோம் என்று வாதாடலாம். கேட்பது வேறு, யார் எத்தனை மணிக்குப் போனார் என்று நோட்டுப்போட்டு எழுதிவைப்பது வேறு.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்கு விலக்குத் தருகிறது. கடை வாசலில் வைத்து வாடிக்கையாளர் நடமாட்டத்தைப் பதிவது சொந்தத் தேவை ஆகாது. அப்படி ஓர் எண்ணம் இருந்தால் இந்த அத்தியாயத்தோடு வேலையைத் தொடங்காதீர்கள், வழக்கறிஞரைப் பாருங்கள்.

நம் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரே விதி: என் கருவிகளைப் பெயர் சொல்லிப் பதிவேன், பிறருடையவை வெறும் எண்ணிக்கை. 27 முகவரிகளும் நினைவகத்தில் ஒரு நிமிடம் இருக்கும், ‘27’ என்ற எண் மட்டும் வட்டில் ஏறும், மிச்சம் அழியும். எழுதாத தரவு திருடு போகாது.

தயார்படுத்துதல்

கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்வது ஆங்கிலச் சிற்றெழுத்தில்.

1. பையில் அதற்குரிய இயங்குதளத்தை ஏற்றி, இணையத்தோடு இணைத்து, புதுப்பிப்புகளை முடியுங்கள்.

2. டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையை ஓட்டுங்கள். நேர மண்டலம் உங்கள் ஊருடையதா, கடிகாரம் இணையத்தோடு ஒத்திசைந்ததா என்று இரண்டையும் பாருங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். காரணத்தைக் கீழே ஒரு கதையாகவே சொல்கிறேன்.

3. ஆர்எஃப்கில் கட்டளையில் பட்டியல் கேட்டு, புளூடூத் ‘தடுக்கப்பட்டது’ என்று காட்டினால் தடையை நீக்குங்கள்.

4. புளூடூத்சிடிஎல் உள்ளே போய் ‘ஸ்கேன் ஆன்’ கொடுங்கள். முகவரிகள் ஓட ஆரம்பிக்க வேண்டும். இங்கே ஒன்றும் வராவிட்டால் பைத்தானிலும் வராது, எனவே மேலே போகாமல் இதைச் சரிசெய்யுங்கள். வேலை முடிந்ததும் ‘ஸ்கேன் ஆஃப்’.

5. இப்போதே உங்கள் கருவிகளின் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பமானியை பைக்குப் பக்கத்தில் வையுங்கள், அதிக வலுவோடு தெரிவது அதுதான். சந்தேகம் இருந்தால் அதன் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். எந்த வரி மௌனமாகிறதோ அது.

6. தனி ஃபோல்டர் ஒன்றில் பைத்தான் மெய்நிகர்ச் சூழல் உருவாக்கி, அதற்குள் பிளீக் என்ற நூலகத்தை பிப் வழியாக நிறுவுங்கள். 2023இல் வந்த புக்வார்ம் பதிப்பு முதல், சூழல் இல்லாமல் பிப் ஓட்டினால் பை மறுத்துவிடும். அந்தப் பிழைச் செய்தியிலேயே மறுப்பை மீறுவதற்கும் வழி சொல்லியிருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள், இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானோடு மோதல் வரும்.

கவனம்: உங்கள் ஸ்கிரிப்ட் கோப்புக்கு பிளீக் என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். பைத்தான் நூலகத்தைத் தேடப் புறப்பட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியோ வேறு எதையோ சொல்லும். ‘காதுகேள்’, ‘ஒட்டுக்கேள்’ என்று என்ன வேண்டுமானாலும் வையுங்கள்.

ஸ்கிரிப்ட்டைக் கட்டுவது

முழு நிரலை இங்கே அச்சிடவில்லை. அச்சிட்ட நிரலைப் பார்த்து எழுதுகிறவர் காற்புள்ளியைத்தான் தேடிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு பகுதியும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். மொத்தமே எழுபது எண்பது வரிக்குள் முடியும்.

1. சொந்தப் பட்டியல். முகவரி ஒருபக்கம், செல்லப்பெயர் மறுபக்கம்: ‘பிரிட்ஜ்’, ‘சாவி’. முகவரிகளை எல்லாம் பெரிய எழுத்தாக மாற்றி ஒப்பிடுங்கள். எழுத்தின் அளவு மாறினால் பொருந்தாது.

2. கேட்கும் செயற்கூறு. பிளீக் ஸ்கேனரிடம் ஒரு செயற்கூற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு கூவலுக்கும் அதை அழைக்கும். அழைக்கும்போது இரண்டு பொருள்கள் வரும்: கருவி, அறிவிப்புத் தரவு. சமிக்ஞை வலுவை இரண்டாவதிலிருந்து எடுங்கள். பழைய எடுத்துக்காட்டுகள் கருவியிலிருந்து எடுக்கும். புதிய பதிப்பில் அது இல்லை.

3. அங்கே வட்டில் எழுதாதீர்கள். கூவல் வரும் வேகத்துக்கு ஒவ்வொன்றையும் எழுதினால் எஸ்டி கார்டு சீக்கிரம் தேய்ந்துபோகும். செயற்கூறு நினைவகத்தில் குறித்துவிட்டு உடனே திரும்ப வேண்டும்.

4. நிமிடக் கணக்கு. 60 விநாடிக்கு ஒருமுறை, சொந்தக் கருவி ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள்: எத்தனை முறை கேட்டது, அதிகபட்ச வலு, கடைசி வலு. பிறருக்கு ஒரே எண். எல்லாவற்றையும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரே பரிவர்த்தனையாக எழுதி, நினைவகத்தைத் துடையுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதியுங்கள், பார்க்கும்போது ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளலாம்.

5. நாடித்துடிப்பு வரி. எதுவுமே கேட்காத நிமிடத்திலும் ‘விழித்திருந்தேன், பூஜ்யம்’ என்று ஒரு வரி. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் விடுவது இதைத்தான். இந்த வரி இல்லாத குறிப்பேட்டில், இரவு 2 முதல் 4 வரை வெற்றிடம் இருந்தால் என்ன பொருள்? கருவி கூவவில்லையா, ஸ்கிரிப்ட் செத்துக் கிடந்ததா? பிறகு எவராலும் சொல்ல முடியாது.

6. ஒழுங்காகச் சாவது. நிறுத்தும் சமிக்ஞை வந்தால் ஸ்கேனரை நிறுத்தி, கையிலிருக்கும் நிமிடத்தை எழுதிவிட்டு வெளியேறட்டும்.

‘எத்தனை முறை’ என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். கேட்கும் ரேடியோ மூன்று அலைவரிசைகளுக்கும் மாறி மாறிப் போகிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரே செய்தியை இயங்குதளம் சில சமயம் விழுங்கியும்விடும். பூஜ்யமா இல்லையா, நேற்றைவிடப் பாதியாகிவிட்டதா என்று பார்க்க அது உதவும். துல்லியத்துக்கு உதவாது.

அதிகபட்ச வலு எதற்கு, சராசரி போதாதா என்று கேட்கலாம். என் பிரிட்ஜ் வெப்பமானி கதவு மூடியிருக்கும்போது −78 டிபிஎம் (வலுவின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) சுற்றி நிற்கும், உலோகப் பெட்டி சமிக்ஞையை அமுக்கிவிடுகிறது. கதவு திறந்தால் −66க்குத் தாவும். பத்து விநாடித் திறப்பு சராசரியில் கரைந்துபோகும், அதிகபட்சத்தில் பளிச்சென்று தெரியும். ஒரு வாரத்தில் மூன்று இரவு, ஒரு மணிக்குமேல் ஒரு தாவல். ஐஸ்கிரீம் டப்பா காலியான மர்மம் விளங்கியது. சின்னவன் ‘என்னப்பா, பிரிட்ஜுக்கு சிசிடிவியா?’ என்று கேட்டான். நியாயமான கேள்வி. சொந்தக் கருவிதான் என்றாலும் அதன் வழியாக வீட்டு ஆட்களைத்தான் பார்க்கிறோம். சாவி டேக்கைப் பதிவதென்றால் அந்தச் சாவியைத் தூக்கிச் செல்கிறவரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் பட்டியலிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். பிரிட்ஜ் பதிவை நான் இப்போது வெப்பமானி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.

முகவரியை ஆளாக எண்ணாதீர்கள்

பக்கத்துக் கருவிகளின் எண்ணிக்கை நாளெல்லாம் சேர்ந்ததும், ‘இன்று 1,400 பேர் கடந்துபோனார்கள்’ என்று சொல்ல ஆசை வரும். சொல்லாதீர்கள். போன்கள் இப்போது தற்காலிக முகவரியோடு கூவி, கால்மணி நேரத்துக்கு ஒருமுறை வாக்கில் அதை மாற்றிக்கொள்கின்றன. 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரே போன் ஒரு நாளில் 96 முகவரி. மாடிவீட்டுப் பாட்டியின் போன் மேசையை விட்டு அசையாமலே ஒரு கல்யாணக் கூட்டத்தைக் காட்டிவிடும். நிமிடத்துக்குள் எண்ணி, நிமிடத்தோடு நிறுத்துவதற்கு இதுவும் காரணம்.

உங்கள் கருவி எப்படிப்பட்டது என்று அறிய ஒரு வழி. இயங்குதளம் அதன் முகவரி வகையை ‘ரேண்டம்’ என்று காட்டினால், முகவரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். சி, டி, இ, எஃப் என்றால் அது பேட்டரி மாற்றும்வரையாவது நிலையானது, பட்டியலில் போடலாம். 4 முதல் 7 வரை என்றால் மாறிக்கொண்டே இருக்கும் வகை. நாளை அது வேறு முகவரியோடு வரும். ‘பப்ளிக்’ என்று காட்டினால் முதல் எழுத்து எதுவானாலும் அது மாறாத முகவரி.

கூவலில் நிறுவன எண்ணும் வரும்: 6 மைக்ரோசாஃப்ட், 76 ஆப்பிள், 117 சாம்சங். 76 என்று பார்த்ததும் ‘ஐபோன்’ என்று எழுதிவிட வேண்டாம். காதில் மாட்டும் ஏர்பாடும், கடையில் ஒட்டிய பீக்கனும்கூட அதே எண்ணோடு கூவலாம்.

வலு என்பது தூரம் அல்ல

−40 மிக அருகில், −95 கேட்பதே அரிது. இடையில் இருப்பதை மீட்டராக மாற்றித் தரும் சூத்திரங்கள் உண்டு. வீட்டுக்குள் அவற்றை நான் நம்புவதில்லை. டேக்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்து ஐந்து நிமிடம் பதியுங்கள். பிறகு அதே இடத்தில், டேக்குக்கும் பைக்கும் நடுவே நீங்கள் முதுகைக் காட்டி நின்றுகொள்ளுங்கள். தூரம் மாறவில்லை, எண் இறங்கியிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும், நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

விடாமல் ஓடவிடுதல்

1. சிஸ்டம்டியில் ஒரு சேவைக் கோப்பு எழுதுங்கள். புளூடூத் சேவை தொடங்கிய பிறகே இது தொடங்க வேண்டும். செத்தால் பத்து விநாடியில் மறுபடி எழ வேண்டும்.

2. அதில் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுங்கள், அதுவும் மெய்நிகர்ச் சூழலுக்குள் இருக்கும் பைத்தானை. கையால் ஓட்டினால் ஓடுகிறது, சேவையாக ஓட்டினால் ‘பிளீக் இல்லை’ என்கிறது என்றால் இதுதான் கோளாறு.

3. தரவுத்தளக் கோப்புக்கும் முழுப் பாதை. இல்லாவிட்டால் எங்கே எழுதியது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

4. ஸ்கிரிப்ட் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ‘இப்போது விழித்தேன்’ என்று ஒரு தனி வரி எழுதட்டும்.

நான்காவது எதற்கு என்றால், இதோ அந்தக் கதை. ஒரு நாள் மாலை ஐந்தரைக்குச் சாவியோடு வெளியே போனேன். 5:40க்கு மின்வெட்டு, 6:30க்கு மின்சாரம் வந்தது. பை அரை நிமிடத்தில் எழுந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான பைகளில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. பை 5இல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியே வாங்கி மாட்ட வேண்டும். என்னுடையது பழையது. கடைசியாகச் சேமித்துவைத்த நேரத்திலிருந்து, 5:17 என்று நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தது. ரவுட்டர் எழுந்து சரியான நேரம் வந்துசேர மூன்று நிமிடம் ஆனது. விளைவு, குறிப்பேட்டில் 5:18க்கு இரண்டு வரிகள். ஒன்றில் சாவி வீட்டில் இருக்கிறது, வலு −60. இன்னொன்றில் இல்லை. நடுவே ‘விழித்தேன்’ வரி இருந்தால்தான் இரண்டாவது வரி மின்வெட்டுக்குப் பிறகு எழுதியது என்று தெரியும்.

மருந்து எளிது. ஒவ்வொரு வரியோடும் ‘கடிகாரம் ஒத்திசைந்ததா’ என்று ஆம், இல்லை சேருங்கள். டைம்டேட்சிடிஎல் அதைச் சொல்லும். ‘இல்லை’ வரிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், அழிக்கவும் வேண்டாம். ஒத்திசையும்வரை எழுதாமல் காத்திருப்பதும் ஒரு வழிதான், ஆனால் இணையம் ஒரு நாள் முழுக்க வராவிட்டால் அந்த நாள் போயே போய்விடும்.

எதுவும் கேட்கவில்லை என்றால்

புளூடூத்துக்கென்று யூஎஸ்பி அடாப்டர் செருகியிருந்தால் அதை யூஎஸ்பி 3 துளையிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த வகைத் துளையும் வன்வட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். ஒரு முழ நீட்டிப்புக் கம்பி போதும். பையின் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில் இருப்பதால், பெரிய கோப்பு இறங்கும்போது காது மந்தமாகும். பலகைக்கு வசதி இருந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஸீரோ 2 டபிள்யூவில் அந்த வசதி இல்லை. பையை உலோகப் பெட்டிக்குள் வைத்திருந்தால் கேட்பானேன்.

யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால்

இந்த ஸ்கிரிப்ட்டை நம்ப வேண்டாம். தேடு டேக்குகளும் முகவரியை மாற்றுகின்றன. நம் நிமிடக் கணக்கு அவற்றைப் பிடிப்பதற்காகச் செய்ததல்ல. 2024 மே முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டும் கூடவே நகரும் முன்பின் தெரியாத டேக்கைப் பற்றி எச்சரிக்கின்றன. போனைப் புதுப்பித்து வைத்திருங்கள். டேக் கிடைத்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், உடைத்து எறியாதீர்கள், அது சான்று. அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181.

முதல் வாரம் முடிந்ததும்

1. நாடித்துடிப்பு வரிகளை எண்ணுங்கள். ஒரு நாளுக்கு 1,440 இருக்க வேண்டும். பத்து இருபது குறைந்தால் பரவாயில்லை. நூறு குறைந்தால், சேவையின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் காரணம் தேடுங்கள்.

2. ‘விழித்தேன்’ வரிகளைப் பாருங்கள். மின்வெட்டு இல்லாத நாளில் ஐந்தாறு முறை விழித்திருந்தால் முதலில் மின் அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

3. ஒவ்வொரு கருவியின் கூவல் எண்ணிக்கையையும் நாள்வாரியாகப் போட்டுப் பாருங்கள். படிப்படியாகக் குறைந்தால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

4. முப்பது நாளுக்கு முந்தைய வரிகளை அழிக்கும் ஒரு சின்ன வேலையை இரவு மூன்று மணிக்கு அமையுங்கள். ‘விழித்தேன்’ வரிகளை மட்டும் விட்டுவையுங்கள், அடுத்த கோடையின் மின்வெட்டுக் கணக்குக்கு உதவும்.